பொத்தானுக்குள் ஒரு முகவரி

ஆகஸ்டு 29-ஆம் தேதிக் கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8-ஆம் தேதிப் பெருவிழாவுக்கும் வேளாங்கண்ணிக்கு வந்து போகிற யாத்திரிகர்கள், அந்த ஊரைக் கடற்கரையும் பேராலயமும் விடுதிகளும் நிறைந்த ஒரு ஸ்தலமாகவே அறிவார்கள். தாங்கள் ஏறிவந்த பஸ் எத்தனை நெல்வயல்களைக் கடந்து வந்தது என்பதையோ, காவிரித் தண்ணீர் கடைசியாக எட்டிப் பார்க்கிற கடைமடைப் பிரதேசம் அது என்பதையோ, அறுவடை முடிந்து மூட்டைகளோடு நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகிற விவசாயி, சிட்டாவும் அடங்கலும் இல்லாமல் அங்கே நெல்லைப் போட முடியாது என்பதையோ அவர்கள் நினைத்துப் பார்க்க நியாயமில்லை. நிலத்தில் நிற்கிற பயிர் இன்னதென்று அடங்கல் சொல்லுகிறது. நிலம் இன்னாருடையதென்று சிட்டா சொல்லுகிறது. இவற்றுள் பின்னதன் அடியில், பெரும்பாலோர் கண்ணெடுத்தும் பாராத ஒரு வரியில் அச்சாகியிருக்கும் ஒரு குறிப்பு எண்ணே இந்த அத்தியாயத்துக்கு விஷயம்.

அந்த எண் சாய்கோடுகளால் ஐந்து துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் இரண்டு இலக்கங்கள் ஜில்லாவைக் குறிக்கின்றன. அடுத்த இரண்டு தாலுகாவை. அதற்கடுத்த மூன்று கிராமத்தை. அதன்பின் வரும் ஐந்து இலக்கங்கள் பட்டாவின் எண். கடைசியாக, நகலுக்கென்று தனியாக ஓர் எண். தமிழக அரசின் மின்சேவைத் தளத்தில் இதை உள்ளிட்டால், காகிதத்தில் கண்டது மெய்தானா என்று எந்த ஊரில் இருந்துகொண்டும் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்த எண்ணுக்கு ஒரு விசேஷம் உண்டு. இது எவரும் யோசித்து ஒரு நிலத்துக்குச் சூட்டிய பெயரல்ல. தரவுத்தளத்தில் தனித்தனிப் புலங்களில் கிடந்த மதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தமாத்திரத்தில் தானாகவே உண்டான முகவரி. புலங்களின் மதிப்புகளிலிருந்து ஒரு முகவரியை வேண்டும்போது கட்டிக்கொள்வது என்ற இந்த உபாயம், பார்வைக்கு அற்பமானதாகத் தோன்றினாலும், தரவுத்தளத்தின் சரித்திரத்தையும் இணையத்தின் சரித்திரத்தையும் முடிச்சுப் போடுகிற இடத்தில் நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சந்திரனுக்கு மனிதனை அனுப்பும் திட்டத்தின் எண்ணற்ற உறுப்புகளுக்கு ஜாபிதா வைத்துக்கொள்ள ஐபிஎம் நிறுவனம் 1960-களின் பிற்பகுதியில் உருவாக்கிய தரவுத்தளத்தில், ஒரு பதிவிலிருந்து இன்னொரு பதிவுக்குப் போக வேண்டுமானால், அந்த இன்னொரு பதிவு இருக்கும் இடத்தைக் காட்டுகிற ஒரு சுட்டு முதல் பதிவுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். நிரல் எழுதுகிறவர் அந்தச் சுட்டுகளைப் பிடித்துக்கொண்டு பதிவு பதிவாக நடந்து போவார். பதிவுகளை இடம் மாற்றினால் சுட்டுகள் பொய்யாகும். சுட்டுகள் பொய்யானால் அவற்றை நம்பி எழுதிய நிரல்கள் எல்லாம் வீணாகும். இந்த அவஸ்தையைக் கண்டு, அதே நிறுவனத்தின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த எட்கர் காட் என்ற ஆங்கிலேயர் 1970-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தரவுகள் எல்லாம் அட்டவணைகளாக இருக்கட்டும், ஒரு வரிசையை அது எங்கே இருக்கிறது என்பதைக் கொண்டல்ல, அதில் என்ன மதிப்பு எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டே அடையாளம் காணுவோம் என்பதே அதன் சாரம். நான்கு வருஷங்களுக்குப் பிறகு சேம்பர்லின், பாய்ஸ் என்ற இருவர் இந்தக் கொள்கைக்கு ஏற்ற ஒரு வினவல் மொழியை அமைத்தார்கள். அதன் சந்ததியே இன்று உலகெங்கும் வழங்குகிற எஸ்.க்யூ.எல்.

காட் வாசல் வழியாக வெளியேற்றிய சுட்டு, டிம் பெர்னர்ஸ்-லீயுடன் ஜன்னல் வழியாகத் திரும்பி வந்தது. ஜெனீவாவுக்கருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் அவர் 1989-இல் முன்மொழிந்து பின்னர் உலகமெல்லாம் பரவிய வலை, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் இருக்கும் இடத்தைக் காட்டுகிற இணைப்புகளாலேயே பின்னப்பட்டது. அதாவது முழுக்க முழுக்கச் சுட்டுகளால் ஆனது. இப்படி ஒன்றுக்கொன்று விரோதமான இரண்டு தத்துவங்கள் ஒரே மேஜைமேல் இருக்கும் ஒரே கணினியில் குடியேறியபோது, அவற்றுக்கிடையே சமாதானம் செய்துவைக்க ஒரு தூதர் தேவைப்பட்டார். படிவத்தின் மூலையில் இருக்கும் பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் இரண்டு மூன்று வரி நிரலே அந்தத் தூதர். அட்டவணையிலிருந்து மதிப்பை வாங்கி, அதைக் கொண்டு ஒரு சுட்டைச் செய்து, சொடுக்கிய அந்தக் கணத்தில் மட்டும் அதைப் பிரயோகித்துவிட்டு, உடனே எறிந்துவிடுகிறது அது.

இது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். வேளாங்கண்ணிக்கு மேற்கே சில கிராமங்களின் நெல் விவசாயிகளைச் சேர்த்து ஒரு சங்கம் இருப்பதாகவும், அதன் எழுத்தர் ஆக்சஸ் என்ற மென்பொருளில் இரண்டு அட்டவணைகள் வைத்திருப்பதாகவும் கொள்வோம். ஒன்றில் உறுப்பினரின் பெயர், ஊர், பட்டா எண். மற்றொன்றில் அவருடைய ஒவ்வொரு வயலின் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, அட்சரேகை, தீர்க்கரேகை. இரண்டையும் உறுப்பினர் எண்ணால் இணைத்து ஒரு வினவல் எழுதி, அந்த வினவலின்மேல் ஒரு படிவத்தை நிறுத்தி, அதில் 'வரைபடத்தில் காண்க' என்று ஒரு பொத்தானை வைக்கிறார். கூகுள் வரைபடத்துக்கு ஓர் இடத்தைச் சொல்லும் முறை பகிரங்கமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது: நிலையான ஒரு முன்பகுதி, பிறகு ஒரு கேள்விக்குறி, அதன்பின் 'ஏபிஐ' என்ற பெயருக்கு 1 என்ற மதிப்பு, 'க்வெரி' என்ற பெயருக்கு அட்சரேகையும் தீர்க்கரேகையும் காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட ஒரு ஜோடி. அந்த ஜோடிக்கு முன்னால் வருவது முழுவதையும் 'முன்பகுதி' என்றே சுருக்கிச் சொன்னால், பொத்தானின் நிரல் இவ்வளவுதான்:

முன்பகுதி & [அட்சரேகை] & "," & [தீர்க்கரேகை]

அடைப்புக்குள் இருப்பவை புலங்களின் பெயர்கள்; படிவத்தில் எந்த வரிசை அப்போது திறந்திருக்கிறதோ அந்த வரிசையின் மதிப்புகள் அவ்விடத்தில் வந்து உட்காருகின்றன. ஓர் உறுப்பினரிலிருந்து அடுத்தவருக்கு நகர்ந்தால் நிரல் மாறுவதில்லை. அது கட்டும் முகவரி மட்டும் மாறிவிடுகிறது. ஆயிரம் வயல்களுக்கும் ஒரே பொத்தான் போதும். இங்கே புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: அட்சரேகையைப் படிவத்தில் காட்ட வேண்டியதில்லை, ஆனால் படிவம் நிற்கும் வினவலில் அது இருந்தே தீர வேண்டும். அட்டவணையில் இருக்கிறதே என்று நினைத்து வினவலில் சேர்க்க மறந்துவிட்டால், பொத்தானுக்கு அந்தப் புலம் பிறக்கவே இல்லை என்றுதான் அர்த்தம். நிரலின் பார்வை வினவலோடு முடிந்துவிடுகிறது.

மேலே கண்ட வரியில் இருக்கும் '&' என்ற குறி, ஆக்சஸ் நிரலில் இரண்டு சரங்களை ஒட்டும் பசை; இணைய முகவரிக்குள்ளோ அதே குறி ஒரு மதிப்பை அடுத்த மதிப்பிலிருந்து பிரிக்கும் வரப்பு. மேற்கோள் குறிக்கு வெளியே நின்றால் சேர்க்கிறது, உள்ளே நின்றால் பிரிக்கிறது. இரண்டும் ஒரே வரியில் நெருங்கி வரும்போது, எழுதுகிறவர் ஒரு மேற்கோள் குறியை ஓர் எழுத்து தள்ளிப் போட்டுவிட்டால் உண்டாகும் விபரீதத்தைக் கண்டுபிடிக்க ஒரு பகற்பொழுது போதாது.

வெறுமையான புலம் தரும் தொல்லை வேறு ஜாதி. ஒரு வயலுக்கு இன்னும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் குறிக்கப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். '&' என்ற குறியால் ஒட்டினால், வெறுமை ஓசையின்றி மறைந்துபோய், காற்புள்ளி மட்டும் மிஞ்சிய ஒரு முகவரி உருவாகும்; உலாவியும் சாதுவாக அதைத் திறந்து, சம்பந்தமில்லாத எதையோ காட்டும். அதற்குப் பதிலாக '+' என்ற குறியால் சரங்களை ஒட்டினால், ஒரு துண்டு வெறுமையானாலும் முழுமையுமே வெறுமையாகி, நிரல் அங்கேயே நின்று முறையிடும். தவறான இடத்துக்கு மரியாதையாக அழைத்துச் செல்லும் பொத்தானைவிட, போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கும் பொத்தானே மேல் என்று நான் நினைக்கிறேன். அதனினும் மேலானது, புலம் வெறுமையாக இருக்கும்போது சொடுக்க முடியாதபடி மங்கிப்போய் நிற்கும் பொத்தான்.

எண்களின் வரிசை மாறினால் என்னவாகும் என்பதற்கு வேளாங்கண்ணியே ஓர் உதாரணம் தருகிறது. அதன் அட்சரேகை வடக்கே சுமார் 10.68 பாகை, தீர்க்கரேகை கிழக்கே சுமார் 79.85. பொத்தானின் நிரலில் இரண்டு புலங்களும் இடம் மாறிவிட்டால், அந்த முகவரியில் வடிவப் பிழை ஏதும் இராது. வரைபடமும் மறுப்புச் சொல்லாது. ஆனால் அது காட்டும் இடம் வங்காள விரிகுடாக் கரையாக இராமல், நார்வேக்கு உரிய ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் வடமேற்கு ஓரத்தில், பனி மிதக்கும் வடதுருவக் கடலாக இருக்கும். சம்பா நெல் விளையும் வயலைத் தேடினவர் துருவக்கரடியின் தேசத்தைக் காண்பது வேடிக்கைதான் என்றாலும், இவ்வளவு பெரிய பிழை ஒரு விதத்தில் அநுகூலமானதே, ஏனெனில் அது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடுகிறது. தசமப் புள்ளிக்குப் பின் நான்காம் இலக்கத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ வடக்குத் தெற்காக நகர்வது சுமார் 11 மீட்டர். ஒரு வரப்பைத் தாண்டி அடுத்தவர் வயலில் போய் நிற்பதற்கு அது போதும், எவர் கண்ணுக்கும் படாமல் வருஷக்கணக்கில் கிடப்பதற்கும் போதும்.

ஊர்ப் பெயரைக் கொண்டே முகவரி கட்டிவிடலாமே என்று தோன்றும். முடியாததல்ல, ஆனால் அதன் விலையைப் பார்க்க வேண்டும். இணைய முகவரியின் இலக்கணம் ஆங்கில எழுத்துக்களையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே நேராக அனுமதிக்கிறது. மற்ற எழுத்து எதுவாயினும் அதைப் பைட்டுகளாக உடைத்து, ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவிகிதக் குறியாலும் இரண்டு பதினாறடிமான இலக்கங்களாலும் எழுத வேண்டும். எழுத்துக்களைப் பைட்டுகளாக உடைக்கும் விதி, 1992-ஆம் வருஷம் செப்டம்பரில் கென் தாம்ஸன், ராப் பைக் என்ற இருவர் நியூ ஜெர்ஸியில் ஒரு சாப்பாட்டு விடுதியின் மேஜைத்தாள்மேல் வகுத்தது. யூடிஎஃப்-8 என்று அதற்குப் பெயர். அதன்படி 'வ' என்ற எழுத்து 224, 174, 181 என்று மூன்று பைட்டுகளாகும். 'வேளாங்கண்ணி' என்பது நம் கணக்கில் ஆறு எழுத்து. மெய்க்குப் புள்ளியையும் உயிர்மெய்க்குத் துணைக்குறியையும் தனியாக வைக்கும் யூனிகோடின் கணக்கில் பதினொன்று. பைட்டுகளின் கணக்கில் 33. முகவரியில் எழுதும்போது 99 குறிகள். ஆக்சஸில் இந்த மாற்றத்தைச் செய்ய ஆயத்தமான செயற்கூறு எதுவும் இல்லாததால், பொத்தான் எழுதுகிறவர் தாமே ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டியதாகிறது.

இதிலும் ஒரு விசித்திரம். ஆக்சஸின் நிரல் எழுதும் சாளரம் யூனிகோடை அறியாத பழைய காலத்துச் சாளரம். அதில் ஒரு தமிழ்ச் சொல்லை நேராக எழுதினால், எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். ஆனால் அதே சொல் அட்டவணையின் புலத்திலிருந்து வந்தால் பழுதின்றி நிரலைக் கடந்து போய்விடுகிறது. தமிழ் வேலைக்கு இதனால் ஒரு நல்ல பழக்கம் பலவந்தமாக வந்து சேர்ந்தது: மாறக்கூடிய எதையும் நிரலில் எழுதாமல் அட்டவணையில் எழுதுவது.

தவிரவும், பெயர் ஒன்றாக இருந்தாலும் எழுதுகிறவர் கை ஒன்றாக இருப்பதில்லை. றன்னகரத்தால் 'வேளாங்கன்னி' என்று எழுதுவோர் உண்டு. ஆங்கிலத்திலோ முதல் அசையை 'இ' என்ற ஒற்றை எழுத்தால் எழுதுவோரும், 'ஏ, ஐ' என்று இரண்டு எழுத்தால் எழுதுவோரும் உண்டு. 'கொள்முதல்' என்பதன் முதலெழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்கும் கணினிக்கு வேறு வேறு. இத்தகைய சங்கடங்களை முன்னமே உணர்ந்தவர்போல, தகவல்தொடர்பு அமைச்சகத்தில் உயர் அதிகாரியாகவும் சம்ஸ்கிருதக் கவிஞராகவும் விளங்கிய ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் அமைத்த அஞ்சல் குறியீட்டு எண் 1972-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி அமலுக்கு வந்தது. வேளாங்கண்ணியின் எண் 611111. முதல் 6 தென்கோடியின் தமிழ்நாடு-கேரள மண்டலம். 611 என்ற மூன்றும் சேர்ந்தால் நாகப்பட்டினத்துப் பிரிவு. எஞ்சிய மூன்றும் அஞ்சலகம். ஒரே மாதிரி ஐந்து ஒன்றுகள் நிற்பதால் இதை மறப்பவர் இல்லை என்பது தற்செயலாய் வாய்த்த சௌகரியம்.

இவ்விதக் குறியீடுகள் பார்வைக்கு எண்களாக இருந்தும் குணத்தில் எண்களல்ல. 611111 என்பதோடு எவரும் எதையும் கூட்டுவதில்லை. சிட்டாவின் குறிப்பு எண்ணில் கிராமத்துக்குரிய துண்டு 010 என்றும், பட்டாவுக்குரியது 00123 என்றும் இருக்குமானால், அவற்றை எண் வகைப் புலத்தில் போட்ட அடுத்த கணமே முன்பூஜ்யங்கள் உதிர்ந்து 10, 123 என்று ஆகிவிடும். அவற்றைக் கோத்துக் கட்டிய முகவரி எந்தப் பட்டாவையும் சுட்டாது. ஆகவே உரை வகைப் புலத்தில் வைக்க வேண்டும், அல்லது கோக்கும்போது அந்தந்தத் துண்டுக்கு உரிய இலக்கத்துக்குப் பூஜ்யம் நிரப்பிக் கோக்க வேண்டும். உட்பிரிவோடு கூடிய சர்வே எண்ணில் வரும் சாய்கோடும் இப்படிப்பட்டதுதான்: 145/2 என்று கிராம அதிகாரி எழுதுவதை முகவரியின் பாதைப் பகுதியில் அப்படியே வைத்தால், 145 என்ற அறைக்குள் 2 என்ற இன்னோர் அறை இருப்பதாக இணையம் அர்த்தம் செய்துகொள்ளும்.

கட்டிய முகவரியை எல்லோரும் பார்க்கலாம் என்பதையும் மறக்கலாகாது. உலாவியின் மேற்பட்டையில் அது பட்டவர்த்தனமாக நிற்கிறது. பட்டா எண்ணின் கடைசி இலக்கத்தோடு ஒன்று கூட்டிப் பார்க்கலாமே என்ற ஆசை, பள்ளிக்கூடப் பையன் முதல் கிழவர் வரை யாருக்கும் வரக்கூடியது. முகவரி தெரிந்ததனாலேயே உள்ளே விட்டுவிடுகிற தளம் கதவில்லாத வீடு. நிலப் பதிவுத் தளம் ஜில்லா, தாலுகா, கிராமம் என்று ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்யச் சொல்லி, படத்தில் கோணல்மாணலாகக் காட்டப்படும் அங்கீகார மதிப்பையும் கையால் உள்ளிடச் சொல்லுவது, இயந்திரங்கள் வரிசையாக எண்களைக் கட்டிக்கொண்டு வந்து பதிவேடு முழுவதையும் அள்ளிப் போகாதிருப்பதற்காக. அதனால் நம் சங்கத்து எழுத்தரின் பொத்தான் அந்தத் தளத்தின் வாசல்வரைதான் கூட்டிச் செல்ல முடியும். மிச்சத்தை அவரே தட்டச்ச வேண்டும். வரைபடத்துக்குப் போகும் பொத்தானின் வேகத்தில் பழகிப்போனவருக்கு இது எரிச்சலாக இருக்கலாம். அந்த எரிச்சலில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனி, இவ்வளவு சிரமப்பட்டு ஒவ்வொரு முறையும் கட்டுவானேன், ஒருமுறை கட்டின முகவரியை அட்டவணையிலேயே ஒரு புலத்தில் எழுதி வைத்துவிடலாகாதா என்ற கேள்விக்கு, காவிரி டெல்டாவின் ஜில்லாப் படமே பதில் சொல்லும். தஞ்சாவூர் ஜில்லாவாக ஒன்றாயிருந்த பிரதேசத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-இல் திருவாரூர் தனியானது. 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை பிரிந்தது. சீர்காழியில் பிறந்து அந்த ஊரை விட்டு ஓர் அடி நகராத முதியவர் இன்று மூன்றாவது ஜில்லாவில் வசிக்கிறார். ஜில்லாக் குறியீட்டைத் தலையில் தாங்கிய முகவரிகள் வரிசைதோறும் முழுமையாக எழுதப்பட்டிருக்குமானால், ஒவ்வொரு பிரிவினையின்போதும் ஆயிரக்கணக்கான வரிசைகளைத் தேடித் திருத்த வேண்டும், அவற்றுள் நூறு தப்பிப்போகும். எந்த ஊர் எந்த ஜில்லா என்று சொல்லும் சிறிய அட்டவணையில் நாலைந்து வரிசைகளை மாற்றினால், பொத்தான் மறுநாளே புதிய முகவரிகளைக் கட்டத் தொடங்கிவிடும். தளத்தின் முன்பகுதியும் நிலையானதென்று நம்புவதற்கில்லை. அதையும் ஓர் அட்டவணையில் ஒரே இடத்தில் வைத்திருந்தவர்கள், இணையம் முழுவதும் பாதுகாப்பான வழக்கத்துக்கு மாறி முகவரிகளின் முதற்சொல்லில் ஓர் எழுத்து கூடியபோது, ஒரே ஒரு மதிப்பைத் திருத்திவிட்டு வேறு வேலையைப் பார்த்தார்கள்.

பெர்னர்ஸ்-லீ 1998-இல் எழுதிய ஒரு குறிப்பில், முகவரிகளை மாற்றாமல் வைத்திருப்பது அவற்றை வெளியிட்டவரின் கடமை என்று வாதித்தார். கணத்துக்குக் கணம் கட்டி எறியப்படும் முகவரிக்கு இந்த உபதேசம் அவ்வளவாகப் பொருந்தாது. சிட்டாவின் அடியில் அச்சான எண்ணுக்கோ அது முழுக்கப் பொருந்தும். ஏனெனில் அது கட்டியவரின் கையை விட்டுப் போய்விட்டது, வங்கியின் கோப்பிலும் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் கிடக்கும் நகலைத் தேடிப்போய்த் திருத்துவார் எவருமில்லை. ஆகையால், காகிதத்தில் ஏறிய முகவரிகளை வழங்குகிற எந்த நிலையமும், கட்டும் விதியை மாற்றுகிற அன்றைக்கே, பழைய குறியீடு இன்னது, அதற்கு நேரான புதிய குறியீடு இன்னது என்று பொருத்திக் காட்டுகிற இன்னோர் அட்டவணையையும் வைத்துக்கொள்ள வேண்டியதாகிறது. இரண்டே புலங்கள் கொண்ட அந்த அட்டவணைக்கு வேலை முடிவதே இல்லை.